கல் செடி இருந்த ஜன்னல்

எனக்குச் செடி வளர்க்கும் ஆசை ரிட்டயர் ஆகும்வரை கிடையாது மேடம். வீட்டில் ரோஜா வைத்ததும் குரோட்டன்ஸ் வைத்ததும் காலையில் அவற்றோடு நின்று ஊர்க்கதை பேசியதும் என் மனைவி நேசம்மாள். நான் மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். மண்ணைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வேன். அதில் முளைப்பதைப் பற்றிக் கேட்டால் நேசத்தைக் கூப்பிடுவேன்.

நீங்கள் எழுதிக்கொண்டே வரலாம். நான் பையத்தான் பேசுவேன், உங்களுக்குச் சிரமம் இருக்காது. நேற்றும் இன்றும் வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, செல்லத்தாய், அவள் காரியமாகத்தான் வந்தேன். பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த என் மனைவியைப் பகலில் பார்த்துக்கொள்ள வந்தவள் அவள். அவள் ஒழுங்காகத் தண்ணீர் கொடுக்காததால்தான் அம்மா செத்துப்போனாள் என்று என் மகள் பிரீனா உங்களுக்குப் புகார் எழுதித் தந்திருக்கிறாள். அந்தப் புகாரில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். ஆனால் செடியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரீனா அயர்லாந்தில் நர்ஸ். நான் ரிட்டயர் ஆன வருஷம் லீவுக்கு வந்தபோது, பெட்டியில் சட்டைக்கும் சாக்லேட்டுக்கும் அடியில் எனக்கென்று ஒரு காகிதப் பொட்டலம் வைத்திருந்தாள். பிரித்தால் மூக்குப்பொடி போல விதை. "சும்மா இருந்தா உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிரும் அப்பா. இது லித்தோப்ஸ். ஆப்பிரிக்காவுல மழை பெய்யாத கல்லாங்காட்டுல வளருகதாக்கும். நம்ம ஊர்ல இதை வளத்துக் காட்டுங்க பாப்போம்" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும். சவால் என்று சொன்னால் போதும், நான் விடமாட்டேன்.

அது வளர்ந்தாலும் செடி மாதிரி இருக்காது. இரண்டு கூழாங்கல்லை ஒட்டி வைத்து நடுவில் பிளேடால் கீறிவிட்டது போல இருக்கும். அந்த இரண்டும்தான் இலை. தண்ணீரை அதற்குள்ளே சேர்த்து வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எங்கள் ஜில்லாவில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் உண்டு. இங்கே ஒரு லித்தோப்ஸ் பிழைத்தால் அதைப் பேப்பரில் போடலாம். நான் பழைய கூரை ஓட்டை இடித்துச் சலித்து, முக்கால் பங்கு ஓட்டுச் சில்லும் கால் பங்கு செம்மண்ணும் கலந்து, மூன்று விரல் உயரமுள்ள மண்சட்டிகளில் விதைத்தேன். தண்ணீர் விட, பிரீனா பள்ளிக்கூடத்தில் படித்தபோது பேனாவுக்கு மை ஊற்றிய பில்லரை எடுத்துக்கொண்டேன். ஒரு செடிக்கு இத்தனை சொட்டு என்று கணக்கு.

அடுத்த வீட்டுப் பெனிஷ் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "சாரே, கல்லு இண்ணைக்கு எவ்வளவு வளந்திருக்கு?" என்று கேட்பான். நேசம் அவனுக்கும் ஒரு படி மேல். "உங்களுக்கு ஏத்த செடியாக்கும் இது. வாயும் கெடையாது, வம்பும் கெடையாது. என்னைக் கெட்டினதுக்கு இதைக் கெட்டியிருக்கலாம்" என்பாள். நன்றாகப் பேசுவாள் மேடம். துவக்கப்பள்ளி டீச்சர், சபையில் பாடகர் குழுவில் முதல் வரிசை. கல்யாண வீடோ துட்டி வீடோ, அவள் போனால்தான் காரியம் நகரும். ஊரில் என்னை யாரும் மத்தியாஸ் என்று சொல்லிக் கேட்டதில்லை. நேசம் டீச்சருக்க வீட்டுக்காரர். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை.

முதல் வருஷம் நாற்பத்தொரு கன்று முளைத்தது. அதில் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். இந்தச் செடிக்கு வருஷத்தில் ஒரு பருவம் வரும். பழைய இலைக்குள்ளே புது இலை உண்டாகும், பழையது தன்னிடம் இருக்கும் தண்ணீரை எல்லாம் புதியதற்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கும். தோல் மடிந்து மடிந்து, பார்க்கவே பாவமாக இருக்கும். அந்த நேரம் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. விட்டால் எல்லாம் சேர்ந்து அழுகிவிடும். எனக்கு அது தெரியாது. பாவம் பார்த்து விட்டேன். பத்து நாளில் முப்பத்தாறு கன்று கூழாகிப் போயிற்று. மிஞ்சிய ஐந்தில் நாலு அடுத்த வருஷம் போயிற்று. கடைசி ஒன்று சுருங்கியபோது நான் பில்லரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அது பிழைத்தது. ஆறு வருஷமாக உயிரோடு இருக்கிறது.

நேசத்துக்குப் பக்கவாதம் வந்தது போன வருஷம் ஜூலையில். காலைச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. பிரீனா ஓடி வந்தாள். இருபது நாள் இருந்து எனக்கு எல்லாம் சொல்லித் தந்தாள். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகு துடைத்துப் பவுடர் போடுவது, விரிப்பு மாற்றுவது. போகிற அன்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ போ மக்கா. உனக்க அம்மையை நான் பாத்துக்கிடுவேன்" என்றேன். அதை மனசாரத்தான் சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கிழக்கு ஜன்னல் உள்ள அறையில் கட்டிலைப் போட்டோம். வீட்டிலேயே நல்ல வெளிச்சமும் சாரல் அடிக்காத இடமும் அதுதான். செடியையும் அங்கேயே கொண்டு வைத்தேன். இரண்டையும் ஒரே இடத்தில் இருந்து பார்த்துக்கொள்ள எனக்கும் வசதி.

பகலில் எட்டு மணி முதல் நாலு மணிவரை செல்லத்தாய் வருவாள். அவளும் நேசமும் பல வருஷப் பழக்கம். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் நேசத்திடம் படித்தவை. மாதம் ஒருதரம் மரியஜான் என்று ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பாள். அவள் ஒரு தாள் தந்திருந்தாள். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர், ஒவ்வொன்றும் கொடுத்ததும் கட்டத்தில் ஒரு டிக். செப்டம்பர் வரையில் அந்த டிக் ஒவ்வொன்றும் உண்மை.

செப்டம்பரில் ஒருநாள் நான் தண்ணீர் கொடுக்கும்போது நேசத்துக்குப் புரையேறியது. முகம் நீலமாகிவிட்டது. நெஞ்சில் சளி கட்டி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நேராக உட்கார வைத்து, தலையைக் கொஞ்சம் குனியச் செய்து, தண்ணீரில் கெட்டியாக்கும் மாவைக் கஞ்சிப் பதத்தில் கரைத்து, ஸ்பூனால் நிதானமாகக் கொடுங்கள், அளவு மட்டும் குறையக் கூடாது என்றார். அதைக் கொடுத்து முடிக்க ஒரு டம்ளருக்கு அரை மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வந்து முதல் வாரத்திலேயே எட்டு டம்ளர் ஐந்தானது. பயம்தான் காரணம். அதை நீங்கள் நம்பலாம்.

அந்த வாரம் ஒன்றைக் கவனித்தேன். விரிப்பு நனையவில்லை. முன்பு ஒரு நாளைக்கு ஆறேழு தடவை மாற்றியது, இப்போது இரண்டு தடவை. ஈரம் இல்லாததால் முதுகில் சிவப்பு இல்லை, அறையில் வாடை இல்லை. செல்லத்தாயின் முதுகுவலிக்கும் ஆறுதல். எல்லா விதத்திலும் நல்லதாகத்தான் பட்டது.

புதன்கிழமை தோறும் சபைப் பெண்கள் சங்கத்தார் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுவார்கள். அவர்கள் ஊரில் படுத்துக் கிடக்கிற ஒருவரையும் விடாமல் பார்க்கப் போகிறவர்கள். எந்த வீட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தப் புதன் சங்கத்துச் செயலாளர் ஸ்மைலின் என்பவள், நேசத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்து, விரிப்பைத் தடவி, மூக்கை உறிஞ்சினாள். "எத்தன வீட்டுக்குப் போறோம், வாசல்லயே மூக்கைப் பொத்த வேண்டியிருக்கு. இஞ்ச பாருங்க பிள்ளியளே, ஒரு மணமும் இல்ல. சாரு டீச்சரைப் பொன்னு போல வச்சிருக்காரு" என்றாள். மற்றவர்களும் மூக்கை உறிஞ்சிப் பார்த்து ஆமாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா பிரசங்கத்தில் என் பேரைச் சொன்னார். சகோதரர் மத்தியாஸ் என்று சொன்னார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நாலைந்து பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் தன் வீட்டுக்காரரிடம், "இவரைக் கண்டு படியும்" என்று என்னைக் காட்டினாள். அறுபத்தைந்து வயதில் எனக்கு அது புதுசு மேடம்.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வேன், புதன்கிழமைக்கு விரிப்பு காய்ந்திருக்க வேண்டுமே என்று. பிறகு யார் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியவில்லை. சொந்தக்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர்மார், பழைய மாணவர்கள் என்று எந்நேரமும் ஆள். அதனால் எல்லா நாளும் குறைத்தேன். நான் ஆய்வுக்கூடத்து ஆள், குத்துமதிப்பு எனக்குப் பிடிக்காது. பீக்கரில் அளந்தே கொடுத்தேன். கிறிஸ்மஸுக்கு அறுநூறு மில்லி. பிப்ரவரியில் நானூறு. மரியஜானின் தாளில் எட்டுக் கட்டத்திலும் டிக் போட்டேன். முப்பத்திரண்டு வருஷத்தில் ஆய்வுக்கூடத்துப் பதிவேட்டில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

எதற்காக இவ்வளவு குறைத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். அவள் தாங்கினாள், அதனால்தான். ஒவ்வொரு முறை குறைத்தபோதும் ஒரு வாரம் உற்றுப் பார்த்தேன். கொஞ்சம் மெலிந்தாள், கொஞ்சம் கூடுதல் தூங்கினாள், மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. நாம் எல்லோருமே தேவைக்கு மேல் குடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். உயிர் எவ்வளவு கொஞ்சத்தில் நிற்கும் என்று எனக்குச் செடி காட்டித் தந்திருந்தது. அந்தப் படிப்பை நான் இடம் மாற்றி வைத்துவிட்டேன்.

மார்ச்சில் செடிக்குப் புது இலைப் பருவம் வந்தது. பழைய இலை சுருங்க ஆரம்பித்தது. நான் சட்டியைக் கட்டிலுக்கு அருகில் கொண்டுபோய் நேசத்துக்குக் காட்டினேன். "பாத்தியா நேசம், எப்படிச் சுருங்குது. ஆனா சாகாது. இப்ப வெள்ளம் விட்டாத்தான் சாகும்" என்று விளக்கினேன். அவள் செடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தக் காலத்தில் அவள் இந்தச் செடியை மதித்தாள்?

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது, விட்டுவிட்டேன். ஜனவரியில் செடிக்குத் தண்ணீர் விடும் பருவம் இருந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை ஜன்னல் பக்கம் நின்று பில்லரால் சொட்டுச் சொட்டாக விடுவேன். அப்போதெல்லாம் நேசம் வாயைத் திறப்பாள். ஒரு பக்கம் கோணிப்போன வாய், முடிந்த அளவு திறந்து வைத்துக்கொண்டு பில்லரையே பார்ப்பாள். நான் விட்டு முடித்துப் பில்லரைத் துடைத்து வைக்கும்வரை மூடமாட்டாள். பக்கவாதம் வந்தவர்களுக்கு முகத் தசை தானாக அசையும் என்று எங்கோ படித்திருந்தேன். அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு செடிக்குத் தண்ணீர் விடும்போது கட்டிலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டேன்.

செல்லத்தாய் கேட்டாள். கேட்கவில்லை என்று சொன்னால் பாவம். "சாரே, டீச்சருக்க நாக்கு காஞ்ச ஓலை மாதிரி கெடக்கு. ஒரு மொடக்கு வெள்ளம் கூடுதல் குடுத்தா என்ன?" என்று மூன்று நாலு தடவை கேட்டாள். எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் சொல்வோம், நீங்கள் மதுரைப் பக்கம் என்று கேள்விப்பட்டேன், அதனால் சொல்கிறேன். டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார், மீறிக் கொடுத்தால் நெஞ்சில் ஏறிச் செத்துப்போவாள், அப்புறம் போலீஸ் உன்னைத்தான் பிடிக்கும் என்றேன். பயந்துவிட்டாள். நான் சொன்னதை அவள் வேதவாக்காக நம்புகிறவள்.

இருந்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிறு நான் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தால் விரிப்பு நனைந்திருந்தது. நேசத்தின் முகத்தில் தெளிச்சம். கட்டிலுக்கு அடியில் நுங்குத் தொலி கிடந்தது. செல்லத்தாய் மடியில் கட்டிக்கொண்டு வந்து, நுங்கைக் கையால் பிசைந்து, இத்துனூண்டு இத்துனூண்டாக ஊட்டியிருக்கிறாள். தண்ணீர்தானே கொடுக்கக் கூடாது, நுங்கு கொடுக்கலாமே என்று அவள் நியாயம். நான் சத்தம் போடவில்லை. நான் யாரிடமும் சத்தம் போட்டதில்லை. "இனி நீ அடுக்களையை மட்டும் பாத்தா போதும், டீச்சர் காரியம் நான் பாத்துக்கிடுகேன்" என்றேன். கட்டில் அறைக்கு வரக் கூடாது என்றேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அன்றுதான் நேசம் கடைசியாக வயிறு குளிர எதையாவது குடித்தது. அது செல்லத்தாய் கொடுத்தது.

மரியஜான் மார்ச் கடைசியில் வருவதாக இருந்தாள். நான் போன் பண்ணி, நேசத்தை மகள் ஏற்பாட்டில் பெரிய டாக்டரிடம் காட்டுகிறோம், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல பெண். தாளில் டிக் ஒழுங்காகப் போடுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

ஏப்ரலில் அடித்த வெயிலை நீங்களும் பார்த்தீர்கள். பதினெட்டாம் தேதி காலையில் நேசத்தை எழுப்பினால் எழும்பவில்லை. பெனிஷின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அவள் கையில் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது. "வெள்ளம் எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டார். நான் தாளை எடுத்துக் காட்டினேன். அவர் தாளையும் என்னையும் பார்த்தார். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. மூன்றாம் நாள் போய்விட்டாள். அடக்கத்துக்குக் கோயில் கொள்ளாத கூட்டம். பாடகர் குழு பாட முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டது. எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள், உன்னைப் போல யாரும் பார்த்திருக்க முடியாது என்று.

பிரீனா அடக்கத்துக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தாள். ஒரு வாரம் அழுதுகொண்டே கிடந்தாள். எட்டாம் நாள் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தாள். ரத்தத்தில் நூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சோடியம் நூற்று அறுபத்தொன்பது என்று போட்டிருந்தது. அவள் நர்ஸ் என்பதை நான் எப்படியோ மறந்துவிட்டிருந்தேன். "அப்பா, இது சும்மா வராது. மாசக்கணக்குல வெள்ளம் இல்லாமக் கெடந்தாத்தான் இப்படி வரும். பகல்ல அம்மைக்கு வெள்ளம் குடுத்தது ஆரு?" என்று கேட்டாள்.

"பகல்ல செல்லத்தாய்தானே இருந்தா" என்று சொன்னேன்.

அந்த ஒரு வாக்கியம்தான் மேடம். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று இந்தப் பதினைந்து நாளாகத் தேடிப் பார்த்தேன். பகலில் செல்லத்தாய் இருந்தாள், அது உண்மை. பிரீனா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். செல்லத்தாயின் வீட்டு முற்றத்தில் நின்று அவள் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டதாம். அடுத்த நாள் செல்லத்தாய் காலையிலும் சாயங்காலமும் வேலை பார்த்த மற்ற இரண்டு வீடுகளிலும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு உங்களிடம் புகார் வந்தது.

நேற்று உங்கள் விசாரணையில் செல்லத்தாய் என்ன சொன்னாள் என்று பெனிஷ் வந்து சொன்னான். "சாரை ஒண்ணும் சொல்லப்பிடாது. அவரு டாக்டரு சொன்னபடியாக்கும் குடுத்தாரு. நான்தான் ஒருநாள் நுங்கு குடுத்தேன், அதுதான் டீச்சருக்கு ஆகாமப் போச்சோ என்னவோ" என்று சொல்லி அழுதாளாமே. எட்டு மாசத்தில் நேசத்தின் உடம்புக்குப் போன ஒரே நல்ல காரியத்தைக் கொலை என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அதைக் கேட்டபின் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். நுங்கினால் ஒன்றும் ஆகவில்லை என்று நீங்களே வாய்விட்டு அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் இனி அவள் நம்பக் கூடாது.

பிரீனாவுக்கு இன்னும் தெரியாது. காலையில் நான் புறப்படும்போது அவள் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். "எல்லாம் காஞ்சு கெடக்கு, இதையாவது பாக்கப்பிடாதா அப்பா" என்று சொல்லி ஒரு சொம்புத் தண்ணீரைக் கல் செடியின் சட்டியில் ஊற்றினாள். இன்னும் நாலு நாளில் அது அழுகிவிடும். நான் தடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள், சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன்னால் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் தண்ணீர் வேண்டும் என்று சைகையாவது காட்டவில்லையா என்று கேட்டீர்கள். அவளுக்குப் பேச்சு போய்விட்டது என்று முன்பே சொன்னேன். டாக்டரிடமும் அதைத்தான் சொன்னேன், பிரீனாவிடமும் சபையாரிடமும் அதைத்தான் சொன்னேன். அது ஜனவரி இருபத்திரண்டு வரைக்கும்தான் உண்மை.

அன்று காலை நான் முகம் துடைத்துவிடும்போது அவள் "வெள்ளம்" என்றாள். திக்கித்தான் சொன்னாள், ஆனால் சுத்தமாகச் சொன்னாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆறு மாசத்துக்குப் பிறகு அவள் குரல். பிரீனாவைக் கூப்பிட வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். அது புதன்கிழமை. பத்து மணிக்குச் சங்கத்துப் பெண்கள் வருவார்கள். அவர்கள் குனிந்து எப்படியிருக்கிறாய் டீச்சர் என்று கேட்டால், அவள் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வாள். நான் போனைக் கீழே வைத்தேன். பத்து மணிக்கு அவர்களை முன்னறையிலேயே உட்கார வைத்து, ஆள் கூட்டத்தில் அவளுக்கு நோய் தொற்றிவிடும், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். ஜெபம் முன்னறையிலேயே நடந்தது. அதன்பிறகு எல்லாப் புதனும் முன்னறையில்தான். செல்லத்தாய் காதில் அது விழுந்திருக்குமே என்பீர்கள். ஆள் நடமாட்டம் கேட்டால் நேசம் பேசமாட்டாள். டீச்சர் இல்லையா, கோணின வாயோடு திக்கித் திக்கிப் பேச அவளுக்கு வெட்கம். என்னிடம் மட்டும்தான் கேட்டாள். நான் அவளைக் கட்டினவன்.

ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை கேட்பாள். பிப்ரவரியில் பத்துப் பன்னிரண்டானது. மார்ச்சில் காலையில் ஒருதரம், வெளிச்சம் மங்கும்போது ஒருதரம். ஏப்ரல் பத்தாம் தேதியோடு நிறுத்திவிட்டாள். நான் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. பீக்கரைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். சரி, பழகிக்கொண்டாள் என்று எனக்கு மனசு லேசாயிற்று. அன்று சாயங்காலம் பிரீனா போனில் வந்து அம்மை எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"நல்ல சுகமா கெடக்கா மக்கா, இப்ப ஒண்ணுமே கேக்கதில்ல" என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.